காற்றுமானி காட்டிய பூஜ்யம்: பெண்கள் 100 மீட்டர் உலகச் சாதனை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1988 ஜூலை 16 அன்று, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில், பெண்கள் 100 மீட்டர் ஓட்டத்தின் முதல் காலிறுதியை ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 10.49 விநாடியில் ஓடி முடித்தார். ஓடுதளத்தின் ஓரத்தில் நிறுத்தப்பட்டிருந்த காற்றுமானி அந்த ஓட்டத்துக்கு 0.0 என்று காட்டியது. முதுகுக்குப் பின்னாலிருந்து தள்ளும் காற்றும் இல்லை, எதிரே வந்து தடுக்கும் காற்றும் இல்லை என்பது அதன் பொருள். அதுவரை இருந்த உலகச் சாதனை 10.76 விநாடி. நூறில் சில பங்குகளாகக் குறைந்துவந்த ஒரு சாதனை, அன்று ஒரே ஓட்டத்தில் 0.27 விநாடி இறங்கியது. அந்த எண்ணை இன்றுவரை வேறு எந்தப் பெண்ணும் தொடவில்லை.

இங்கே ஆராயப்படுவது அந்த 0.0 மட்டுமே. 10.49 என்ற நேரத்தின் மீது எனக்கு ஐயமில்லை; அவர் அந்த நேரத்தில்தான் ஓடினார். ஆனால் அவருக்குப் பின்னால் காற்றே வீசவில்லை என்ற பதிவை, அதே நாளில் அதே மைதானத்தில் எடுக்கப்பட்ட மற்ற அளவுகளோடு ஒத்துப் பார்க்கும்போது நம்ப முடியவில்லை. அந்தப் பதிவைத் திருத்தாமல் விட்டதால் பின்னால் வந்த ஓட்டக்காரர்களுக்கு மட்டுமல்லாமல் கிரிஃபித் ஜாய்னருக்கும் நியாயம் செய்யப்படவில்லை என்பதே என் கருத்து.

அதுவரை சாதனை இறங்கிவந்த வேகம்

பெண்களின் தடகளப் போட்டிகளை ஆண்களின் அமைப்பு ஏற்க மறுத்த காலத்தில், பிரான்ஸின் அலிஸ் மிலியா முன்னின்று உருவாக்கிய பெண்கள் கூட்டமைப்புதான் அவர்களுடைய சாதனைகளை முதலில் பதிவுசெய்யத் தொடங்கியது. 1922இல் ப்ராக் நகரில் மரீ மெய்ஸ்லிகோவா ஓடிய 13.6 விநாடி 100 மீட்டர் பட்டியலின் தொடக்கமாக நிற்கிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் தடகளம் முதன்முறையாக இடம்பெற்றபோது, பெட்டி ராபின்சன் 12.2 விநாடியில் தங்கம் வென்றார். பிறகு ஸ்டெல்லா வால்ஷ், ஃபேனி பிளாங்கர்ஸ்-கோன், வில்மா ருடால்ஃப், வயோமியா டயஸ் ஆகியோரின் கால்களில் அந்த எண் சிறுகச் சிறுக இறங்கியது. ருடால்ஃப் 1961இல் ஸ்டுட்கார்ட்டில் ஓடியது 11.2. கிழக்கு ஜெர்மனியின் ரெனாட்டே ஷ்டெஹர் 1973இல் டிரெஸ்டனில் ஓடியது 10.8. இவை யாவும் நடுவர்கள் கையில் வைத்திருந்த ஸ்டாப்வாட்சை அழுத்தி எடுத்த நேரங்கள்.

1977இல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. குறுந்தூர ஓட்டங்களில் மின்னணுக் கருவியால் எடுக்கப்பட்ட நேரத்தையே உலகச் சாதனையாக ஏற்பது என்று சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு முடிவெடுத்தது. துப்பாக்கி ஒலியைக் கேட்டுப் பொத்தானை அழுத்தும் நடுவரின் விரல் எப்போதும் சற்றுத் தாமதிக்கும். அந்தத் தாமதத்தால் 100 மீட்டரில் கை நேரம் மின்னணு நேரத்தைவிட ஏறத்தாழ 0.24 விநாடி குறைவாக வந்துவிடுகிறது என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. எனவே 10.8 பட்டியலிலிருந்து விலகியது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அன்னெக்ரெட் ரிஷ்டர் மின்னணு நேரப்படி ஓடிய 11.01 அந்த இடத்துக்கு வந்தது. அளக்கும் முறை பிழைபடக்கூடியது என்று தெரிந்தபோது பட்டியலையே திருத்தியமைக்கும் துணிவு அந்த அமைப்புக்கு அன்று இருந்தது என்பதை இங்கே குறித்துவைக்கிறேன். பின்னால் இது தேவைப்படும்.

அதன் பிறகு இறங்கிய படிகளைப் பாருங்கள். 1977 ஜூலை 1 அன்று மார்லீஸ் கோர் டிரெஸ்டனில் 10.88 ஓடி, மின்னணு நேரத்தில் 11 விநாடிக்குள் வந்த முதல் பெண் ஆனார். 1983 ஜூனில் அவரே அதை 10.81 ஆக்கினார். அடுத்த மாதமே ஈவ்லின் ஆஷ்ஃபோர்ட், கொலராடோ ஸ்பிரிங்ஸின் மலை உயரத்தில் 10.79 ஓடினார். 1984 ஆகஸ்டில் ஜூரிக்கில் அவரே 10.76 ஓடினார். முதல் படி 0.07, அடுத்தது 0.02, அதற்கடுத்தது 0.03. உலகின் மிகச் சிறந்த இரு ஓட்டக்காரர்கள் ஏழு ஆண்டுகள் போட்டியிட்டுக் குறைத்தது மொத்தம் 0.12 விநாடி. அதற்கு அடுத்த படி 0.27.

படி பெரியது என்பதாலேயே ஒரு சாதனையைச் சந்தேகிக்கக் கூடாது. 1968 மெக்ஸிகோ நகரில் பாப் பீமன் நீளத் தாண்டுதல் சாதனையை 55 சென்டிமீட்டர் உயர்த்தினார். அதை இன்று எவரும் குறைசொல்வதில்லை. ஆனாலும் இவ்வளவு பெரிய படியைக் காணும்போது அன்றைய சூழலை நெருங்கிப் பார்ப்பது ஆய்வாளரின் கடமை.

ஜூலை 16: மைதானத்தில் வீசிய காற்று

காற்றுமானியை எப்படி வைக்க வேண்டும் என்பதை விதிகள் துல்லியமாகச் சொல்கின்றன. நேர் ஓடுபாதையில், முடிவுக் கோட்டிலிருந்து 50 மீட்டர் தொலைவில், முதல் தடத்தை ஒட்டி இரண்டு மீட்டருக்கு மிகாத தூரத்தில், 1.22 மீட்டர் உயரத்தில் அது நிற்க வேண்டும். 100 மீட்டர் ஓட்டத்தில் துப்பாக்கி வெடித்த கணத்திலிருந்து பத்து விநாடிகளுக்கு அது காற்றை அளந்து சராசரியைத் தரும். ஓடும் திசையில் வீசும் கூறு மட்டுமே கணக்கில் வரும். குறுக்கே எவ்வளவு பலமாக அடித்தாலும் அது சேராது. சராசரி விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் போனால் வெற்றி செல்லும், சாதனை செல்லாது.

அன்று இண்டியானாபொலிஸில் பதிவான எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் யாருக்கும் நெருடும். ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் கார்ல் லூயிஸ் 9.78 ஓடினார், காற்று 5.2. மும்முறை தாண்டுதலில் வில்லி பேங்க்ஸ் 18.20 மீட்டர் தாண்டினார். அங்கும் காற்று 5.2. கிரிஃபித் ஜாய்னரே முதல் சுற்றில் 10.60 ஓடினார், காற்று 3.2. பெண்களின் மூன்றாவது காலிறுதியில் காற்று 5.0. இப்படி நாள் முழுவதும் முதுகில் அடித்த காற்றுக்கு நடுவே, பெண்களின் முதல் காலிறுதியிலும் அதற்கு அடுத்த இரண்டாவது காலிறுதியிலும் மட்டும் கருவி 0.0 காட்டியது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஓட்டங்களிலும் மிகச் சரியாக பூஜ்யம். அதைத் தொடர்ந்த மூன்றாவது ஓட்டத்தில் 5.0.

இதைவிட முக்கியமான சான்று அருகிலேயே இருந்தது. 100 மீட்டர் நேர்பாதைக்கு இணையாக அமைந்திருந்த மும்முறை தாண்டுதல் ஓடுபாதைக்குத் தனியாக ஒரு காற்றுமானி இருந்தது. முதல் காலிறுதி ஓடப்பட்ட அதே நேரத்தில் அந்தக் கருவி காட்டியது 4.3. இரண்டு கருவிகளும் அளப்பது ஒரே திசைக் காற்றை. ஒரே மைதானத்தில், ஒரே வேளையில், ஒன்று 4.3 என்கிறது, மற்றொன்று எதுவுமே இல்லை என்கிறது.

காற்று சுழன்று அடித்திருக்கலாம், அந்தப் பத்து விநாடிகளில் அது குறுக்காகத் திரும்பியிருக்கலாம் என்பது சாதனையை ஆதரிப்போரின் வாதம். கருவி பழுதின்றி இயங்கியதாகவே நேரக்கணிப்புப் பொறுப்பில் இருந்தவர்களும் கூறினார்கள். இந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. திறந்த மைதானத்தில் காற்று இடத்துக்கு இடம் மாறும் என்பதை ஓடிப் பழகியவர் எவரும் அறிவர். ஆனால் ஒரு முறை நடக்கக்கூடிய அந்தத் தற்செயல், அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களிலும் தசம இலக்கம்கூட மாறாமல் நடந்து, மூன்றாவது ஓட்டத்தில் சட்டென்று மறைந்துபோயிருக்க வேண்டும். வீசும் காற்று அப்படி நடந்துகொள்வதைவிட, ஒரு கருவியோ அதன் இணைப்போ சிறிது நேரம் வேலை செய்யாமல் இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம்.

இயற்பியலாளர் நிக் லின்தோர்ன் சர்வதேசத் தடகளக் கூட்டமைப்புக்காக 1995இல் தயாரித்த அறிக்கை இந்தச் சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. அந்த ஓட்டத்தின்போது விநாடிக்கு 5 முதல் 7 மீட்டர் வேகத்தில் பின்காற்று வீசியிருக்க வேண்டும் என்பது அதன் மதிப்பீடு. அனுமதிக்கப்பட்ட அளவைப் போல இரண்டரை மடங்குக்குக் குறையாத காற்று அது.

காற்று செய்யும் வேலை

பின்காற்று ஓடுபவரைக் கைபிடித்துத் தள்ளுவதைப் போல எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது எதிரே நிற்கும் காற்றின் தடையைக் குறைக்கிறது. உச்ச வேகத்தில் விநாடிக்குப் பத்து மீட்டருக்குச் சற்று மேல் ஓடும் ஒரு பெண்ணுக்கு, காற்றே வீசாத நாளிலும் பத்து மீட்டர் வேக எதிர்க்காற்று முகத்தில் மோதுகிறது. பின்னாலிருந்து ஐந்து மீட்டர் வேகத்தில் காற்று வந்தால் அந்த மோதல் பாதியாகிறது. காற்றுத் தடை வேகத்தின் இருமடிப்படி மாறுவதால், பாதி மோதலில் தடை நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. விநாடிக்கு 2.0 மீட்டர் பின்காற்று பெண்கள் 100 மீட்டரில் ஏறத்தாழ 0.12 விநாடியைக் குறைக்கும். காற்று கூடக்கூட இந்த ஆதாயமும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. ஐந்தரை மீட்டர் காற்றுக்குக் கால் விநாடியளவு ஆதாயம் கிடைக்கும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர் 1988இல் ஓடிய சிறந்த ஓட்டங்களைக் காற்றில்லாத நிலைக்கு மாற்றிப் பார்த்தேன். இண்டியானாபொலிஸ் முதல் சுற்றில் ஓடிய 10.60, 3.2 காற்றுடன் வந்தது. காற்றைக் கழித்தால் ஏறத்தாழ 10.78. மறுநாள் ஜூலை 17 இறுதியில் ஓடிய 10.61, 1.2 காற்றுடன் வந்தது, கழித்தால் 10.69. செப்டம்பரில் சியோல் ஒலிம்பிக் காலிறுதியில் 1.0 காற்றுடன் ஓடிய 10.62, 10.68 ஆகிறது. சியோல் இறுதியில் 3.0 காற்றுடன் தங்கம் வென்ற 10.54, 10.71 ஆகிறது. நான்கு ஓட்டங்கள், இரண்டு நாடுகள், இரண்டு மாத இடைவெளி. நான்கும் பத்தில் ஒரு விநாடி அகலமுள்ள ஒரே பட்டைக்குள் வந்து நிற்கின்றன. சர்ச்சைக்குரிய காலிறுதியை 0.0 என்றே ஏற்றால் அது மட்டும் 10.49இல் தனித்து நிற்கிறது. ஐந்தரை மீட்டர் காற்று இருந்ததாகக் கொண்டால் அதுவும் 10.75க்கு வந்து, மற்ற நான்கோடு இயல்பாகச் சேர்ந்துவிடுகிறது.

இந்த ஒப்பீடே எனக்கு எல்லாவற்றையும்விட வலுவான சான்று. மும்முறை தாண்டுதலின் காற்றுமானியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர்கூட, இந்த ஐந்து எண்களைப் பார்த்தால் எது பொருந்தவில்லை என்று கண்டுகொள்வார்.

ஓடியவர் குறித்து

இந்த ஓட்டக்காரரைப் பற்றிப் பேசும்போது ஊக்கமருந்து பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. 1987 வரை 10.96 அவருடைய சிறந்த நேரமாக இருந்தது, 1988இல் அது தலைகீழாக மாறியது, 1989 பிப்ரவரியில் அவர் ஓய்வு பெற்றார் என்பவற்றைக் கோத்துப் பேசுவோர் உண்டு. அவர் எந்தப் பரிசோதனையிலும் தோற்றதில்லை; குற்றச்சாட்டுகளை மறுத்தே வந்தார். 1998 செப்டம்பர் 21 அன்று, 38 வயதில், உறக்கத்தில் ஏற்பட்ட வலிப்பினால் அவர் இறந்தார். நிறுவப்படாத ஒன்றை இறந்துபோன ஒருவர் மீது ஏற்ற நான் விரும்பவில்லை. இந்த ஆய்வுக்கு அது தேவையும் இல்லை. இங்கே கேள்விக்கு உள்ளாவது கருவி ஒன்றின் பதிவு. அது தவறாக இருந்தால் அதற்கு ஓடியவர் பொறுப்பல்லர்.

10.49 ஓடிய அன்று அவர் அணிந்திருந்த, ஒரு காலை மட்டும் முழுவதுமாக மூடிய ஊதா நிற உடையும், நீண்ட நகங்களும், விரிந்த கூந்தலும் படங்களாக உலகெங்கும் பரவின. அந்தப் படங்களையும் 10.49 என்ற எண்ணையும் சேர்த்து அவரை நினைவில் வைத்திருப்பவர்கள், அவருடைய உண்மையான உயரம் எங்கே வெளிப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். சியோலில் 200 மீட்டர் அரையிறுதியில் 21.56 ஓடி, மரிட்டா கோஹும் ஹைக்கே டிரெக்ஸ்லரும் பகிர்ந்துகொண்டிருந்த 21.71 என்ற சாதனையை முறியடித்தார். அதே நாளில் நடந்த இறுதியில் 21.34 ஓடினார். காற்று 1.3; அதில் எந்தக் குழப்பமும் இல்லை. இரண்டாவதாக வந்த ஜமைக்காவின் கிரேஸ் ஜாக்சன் 21.72 ஓடினார், முந்தைய உலகச் சாதனைக்கு நூறில் ஒரு பங்கு மட்டுமே பின்னால் வந்த அவருக்கு வெள்ளிதான் கிடைத்தது. 100 மீட்டரில் 10.49 பட்டியலில் இல்லாவிட்டாலும், ஜூலை 17 அன்று முறையான காற்றில் ஓடிய 10.61, ஆஷ்ஃபோர்டின் சாதனையை 0.15 விநாடியால் முந்தியிருக்கும். அந்த இறுதியில் இரண்டாவதாக வந்தவரும் ஆஷ்ஃபோர்டுதான். அவர் நேரம் 10.81. ஐயத்துக்கிடமில்லாத ஒரு மாபெரும் சாதனையை, ஐயத்துக்குரிய ஓர் எண்ணின் நிழலில் மறைத்துவைத்திருக்கிறோம் என்பதுதான் எனக்குப் பெரும் வருத்தம்.

திருத்தத்துக்கு வழி இருந்ததா?

இருந்தது. அளவுப் பிழையைத் திருத்துவது தடகளத்துக்குப் புதிதன்று. 1977இல் கை நேரங்களை விலக்கியதை மேலே சொன்னேன். 2006 மே மாதம் தோஹாவில் ஜஸ்டின் காட்லின் ஓடியது 9.76 என்றும் அது ஆண்கள் உலகச் சாதனை என்றும் அறிவிக்கப்பட்டது. கருவியில் பதிவானது 9.766 என்பதும், மேல்நோக்கி முழுமையாக்க வேண்டியதைக் கீழ்நோக்கி முழுமையாக்கிவிட்டார்கள் என்பதும் பிறகு தெரியவந்ததால், சில நாள்களிலேயே அது 9.77 எனத் திருத்தப்பட்டது. ஆயிரத்தில் சில பங்குக்காக ஓர் உலகச் சாதனை திருத்தப்பட்டிருக்கிறது. கால் விநாடி ஐயத்துக்கு உள்ளான பெண்கள் சாதனையோ, அமைப்பின் பொருட்டே எழுதப்பட்ட அறிக்கை வந்த பிறகும் அப்படியே விடப்பட்டது.

தடகளப் புள்ளிவிவர வல்லுநர்களின் சங்கம் இதில் நேர்மையான இடைவழி ஒன்றைக் கண்டது. 1997 முதல் அதன் ஆண்டு மலரில் 10.49க்கு எதிரே, இது பலமான காற்றின் துணையோடு ஓடப்பட்டிருக்க வாய்ப்புண்டு என்றாலும் உலகச் சாதனையாக ஏற்கப்பட்டுள்ளது என்ற பொருளில் குறிப்பு இடம்பெற்றுவருகிறது. எண்ணை அழிக்கவில்லை, ஐயத்தை மறைக்கவும் இல்லை. அதிகாரபூர்வப் பட்டியலில் அந்தக் குறிப்பு இல்லை.

2017இல் ஐரோப்பியத் தடகள அமைப்பு வேறொரு யோசனையை முன்வைத்தது. வீரர்களின் சிறுநீர், இரத்த மாதிரிகள் மறுபரிசோதனைக்காகச் சேமிக்கப்படத் தொடங்கிய 2005க்கு முந்தைய சாதனைகளைத் தனியே ஒதுக்கிவிட்டுப் புதிய பட்டியல் தொடங்கலாம் என்றது. பெண்கள் குறுந்தூர ஓட்டங்களின் மூன்று சாதனைகளும், அதாவது 1988இன் 10.49, 21.34 ஆகியவையும் 1985இல் கான்பெராவில் மரிட்டா கோஹ் 400 மீட்டரில் ஓடிய 47.60 விநாடியும், ஒருசேர அதில் அகப்பட்டிருக்கும். அந்த யோசனை நடைமுறைக்கு வரவில்லை. வராததில் எனக்கு வருத்தமில்லை. ஒரு காலத்தில் ஓடிய எல்லாரையும் ஒரே கூடையில் போடும் தீர்வு அது. இங்கே வேண்டியது ஒரே ஒரு வரியை, அதற்கே உரிய காரணத்துக்காக, சான்றுகளோடு திருத்துவது. 21.34இல் கைவைக்க வேண்டிய தேவையே இல்லை.

அந்த வரி மாறியிருந்தால்

10.49 இல்லாத பட்டியலில் 1988 ஜூலை 17இன் 10.61 உலகச் சாதனையாக இருந்திருக்கும். அதுவும் அவர் பெயரிலேயே. அடுத்த முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு அது அசைந்திருக்காது. 1998இல் ஜோகன்னஸ்பர்க்கின் உயரத்தில் மரியன் ஜோன்ஸ் 10.65 வரை வந்தார். 2009இல் ஷாங்காயில் கார்மெலிடா ஜீட்டர் 10.64 வரை வந்தார். இருவருக்கும் எட்டிவிடும் தூரத்தில் ஒரு சாதனை இருந்திருக்கும். உண்மையில் அவர்கள் முன் இருந்தது, முயற்சியில் ஒரு பொருளும் இல்லை என்று தோன்றவைக்கும் ஓர் எண்.

பிறகு ஜமைக்காவின் தலைமுறை வந்தது. 2021 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவின் யூஜீன் நகரில் எலைன் தாம்ப்சன்-ஹேரா 0.9 காற்றில் 10.54 ஓடினார். ஐந்து நாள் கழித்து லோசானில் ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ் 10.60 ஓடினார். 2025இல் டோக்கியோ உலகப் போட்டியில் அமெரிக்காவின் மெலிசா ஜெஃபர்சன்-வுடன் 10.61 ஓடித் தங்கம் வென்றார். மேலே சொன்ன அதே கணக்கில் தாம்ப்சன்-ஹேராவின் 10.54ஐக் காற்றில்லாத நிலைக்கு மாற்றினால் ஏறத்தாழ 10.60 வருகிறது, கிரிஃபித் ஜாய்னரின் ஐயமற்ற ஓட்டங்கள் எவற்றையும்விட அது வேகமானது.

அதைவிடவும் சிறந்த ஓட்டம் ஒன்று அவரிடம் இருக்கிறது. 2021 ஜூலை 31, டோக்கியோ ஒலிம்பிக் இறுதி. காற்று அன்று விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் எதிரே வீசியது. அதை எதிர்த்து ஓடிய தாம்ப்சன்-ஹேரா, முடிவுக் கோட்டை எட்டச் சில எட்டுகள் இருக்கும்போதே இடக்கையை நீட்டிக் கடிகாரத்தைச் சுட்டிக்காட்டியபடி கடந்தார். நேரம் 10.61, காற்றில்லாத நிலையில் 10.57க்கு இணையானது. முப்பத்துமூன்று ஆண்டுகளாக நின்ற சியோலின் 10.62 முறிந்து, அது ஒலிம்பிக் சாதனை என அறிவிக்கப்பட்டது. உலகச் சாதனைப் பட்டியலில் அன்று எந்த மாற்றமும் இல்லை. முதல் வரியில் இண்டியானாபொலிஸ், 10.49, காற்று 0.0 என்றே இருந்தது.